மழலையர் வகுப்பில் வீட்டுச் சாமான்கள்: எது தேறுகிறது, எது தேறவில்லை

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் மூடியோடு ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துப் பாருங்கள். மூடும், திறக்கும், கவிழ்க்கும், மூடியைத் தரையில் சுழல விட்டு அது அடங்கும்வரை பார்க்கும், மறுபடி மூடும். பக்கத்தில் வண்ண வண்ணமாக ஒரு பிளாஸ்டிக் சமையல் செட் இருந்தாலும் அதற்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். செட்டில் வரும் சட்டிக்கு எடை இல்லை, தட்டினால் ஒலி இல்லை, மூடி பெரும்பாலும் சட்டியோடு ஒட்டாது. பார்வைக்குச் சட்டி, வேலைக்கு ஒன்றுமில்லை. உண்மையான டப்பாவில் மூடி சரியாக உட்கார்ந்தால் ‘டக்’ என்று கேட்கும், கோணலாக வைத்தால் கேட்காது. சரியா தவறா என்று பெரியவர் சொல்லத் தேவையில்லை, டப்பாவே சொல்லிவிடும்.

இந்த மதிப்புரை மழலையர் வகுப்பு, காப்பகம், விளையாட்டுக் கூடம் நடத்துபவர்களுக்கானது. வீட்டுச் சாமான்களில் வகுப்பறைக்கு எது தேறும், எது தேறாது, எங்கே உடையும், எப்படிப் பராமரிப்பது என்று பொருள் பொருளாகப் பார்க்கலாம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஐந்து வயது வரை பொம்மைக் கடைப் பொருட்களில் பாதிக்கு மேல் தேவையே இல்லை. அதற்காக வீட்டில் கிடப்பதையெல்லாம் அள்ளி வந்து கூடையில் போட்டுவிடவும் கூடாது. பொம்மையைச் சோதித்து அனுப்ப ஒரு தரநிலை இருக்கிறது. கரண்டியை யாரும் குழந்தையின் வாயை நினைத்துச் செய்வதில்லை. அந்தச் சோதனையை வகுப்பு நடத்துபவர்தான் செய்ய வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1907இல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, ஊற்றுவதற்கு உண்மையான குடுவையையும் துடைப்பதற்கு உண்மையான துணியையும் கொடுத்தார். தவழாத கைக்குழந்தைகளுக்கு வீட்டுப் பொருட்கள் நிறைந்த ‘புதையல் கூடை’யை வடிவமைத்தவர் எலினோர் கோல்ட்ஷ்மிட். குழந்தை நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் நடக்கும் என்று 1971இல் எழுதினார் சைமன் நிக்கல்சன். மூவர் சொன்னதும் வேறு வேறு. ஆனாலும் மூவரின் அலமாரியிலும் ஒரு கரண்டிக்கு இடமிருக்கும்.

முதலில் சோதனை

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் புழங்கும் இடம் என்றால் அளவுச் சோதனையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொம்மைத் தரநிலைகளில் பயன்படும் சிறுபொருள் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ. அடிப்பகுதி சரிவாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. அழுத்தாமல் போட்டால் ஒரு பொருள் இதற்குள் முழுதாக அடங்குகிறதா, அது மூச்சுக்குழலை அடைக்கும். பந்து, கோலி போன்ற உருண்டைகளுக்கு இது போதாது. அவை 44.5 மி.மீ. விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உருளை கைவசம் இல்லாவிட்டால் கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாயைப் பயன்படுத்தலாம். அதன் வாய் ஏறக்குறைய 4 செ.மீ. இருக்கும். உருளையைவிட அகலம் என்பதால் தவறினாலும் பாதுகாப்பான பக்கம்தான் தவறும், உருண்டைகளுக்கு மட்டும் இதுவும் போதாது.

அதைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது இணைப்புகளில். கரண்டி பெரிது, அதன் கைப்பிடி முனையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் சிறிது. டப்பா பெரிது, மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிரிந்து வந்துவிடும். பொருளை முழுதாக அளந்துவிட்டுத் தேறியது என்று எழுதாதீர்கள். அதில் எதெல்லாம் கழன்று வரும் என்று பார்த்து, அந்தத் துண்டை அளங்கள். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 71, பொம்மையில் பிடிக்க ஏதுவாக நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை 90 நியூட்டன் வரை இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. சுமார் 9 கிலோவைத் தொங்கவிட்ட இழுப்பு அது. ஒரு பெரியவர் இரண்டு கையாலும் பலமாக இழுத்து, திருகி, கடினத் தரையில் நாலைந்து முறை போட்டுப் பார்த்தால் பெரும்பாலான பலவீனங்கள் அங்கேயே தெரிந்துவிடும். கயிறு, நாடா, சங்கிலி எதுவானாலும் 22 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது, சுருக்கு விழும் முடிச்சும் கூடாது.

டப்பாவும் மூடியும்

முதலிடம் இதற்கே. 10 மாதக் குழந்தை முதல் 4 வயது வரை ஒரே பொருள் வேறு வேறு வேலை செய்கிறது: தட்ட, நிரப்ப, கொட்ட, மூட, அடுக்க, பொருத்த. அழுத்தி மூடும் வகையில் தொடங்குங்கள். திருகு மூடிக்கு மணிக்கட்டைத் திருப்பும் பழக்கம் வேண்டும், அது கை வர இரண்டரை வயதாவது ஆகும். மூடியின் விட்டம் 7 அல்லது 8 செ.மீ. இருந்தால் சின்னக் கை மேலிருந்து கவ்விப் பிடிக்கும். பெரியவரின் இரண்டு விரலுக்குத் திறக்காத மூடி குழந்தையின் இரண்டு கைக்கும் திறக்காது.

ஐந்து டப்பா போதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் விட்டத்தில் ஒன்றரை செ.மீ. வித்தியாசமாவது இருக்கட்டும். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு டப்பா இருந்தால்தான் சிக்கல். ஒன்றின் மூடி மற்றொன்றில் பாதி இறங்கி இறுகிக்கொள்ளும், குழந்தை அடித்துத் திறக்கப் பார்க்கும், விளிம்பு நெளியும். நெளிந்த விளிம்பு அதன்பின் எந்த மூடியையும் ஏற்காது. நான்கு வயதுக்காரர்களுக்கு வேண்டுமானால் இந்த நெருக்கமான அளவையே புதிராகக் கொடுக்கலாம்.

வாங்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். தகடு உள்பக்கமோ வெளிப்பக்கமோ சுருட்டி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். உணவு அடைத்து வந்த தகர டின்களில் இதுதான் பிரச்சினை. சாதாரணத் திறப்பானால் வெட்டினால் உள்விளிம்பு கத்திபோல் நிற்கும். அரம் போட்டுத் தேய்த்தாலும் நம்பக் கூடாது, அதன்மேல் டேப் ஒட்டினால் இரண்டு வாரத்தில் உரிந்துவிடும். மூடி அழுத்தி மூடும் பவுடர் டின்களை மட்டும் எடுங்கள்.

ஊற்றும் சாமான்கள்

அடுத்த இடம் குடுவை, தம்ளர், புனல், அகப்பை. இங்கே அளவு தவறினால் எல்லாம் தவறும். 250 முதல் 300 மி.லி. பிடிக்கும் கைப்பிடிக் குடுவை மூன்று வயதுக்குப் பொருத்தம். அதிலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு லிட்டர்க் குடுவையைத் தந்துவிட்டு ‘எப்போதும் கொட்டுகிறார்கள்’ என்று குறைப்படுவதில் நியாயமில்லை. மூக்கு கூராக வெளியே நீண்டிருக்கட்டும். மூக்கில்லாத தம்ளரிலிருந்து மெதுவாகச் சாய்த்தால் நீர் வெளிச்சுவரோடு ஒட்டி வழியும். குழந்தை கவனமாக ஊற்ற ஊற்ற இன்னும் அதிகமாக வழியும். பார்ப்பவருக்கு அது கைத்தடுமாற்றமாகத் தெரிகிறது, பிழை உண்மையில் பாத்திரத்தின் விளிம்பில்.

ஊற்றி வாங்கும் பாத்திரம் ஊற்றும் குடுவை அளவோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ இருக்க வேண்டும். இரண்டும் விளிம்புள்ள தட்டில், பக்கத்தில் உள்ளங்கை அளவு பஞ்சுத்துண்டு. பஞ்சு இல்லாத தட்டைக் கொடுத்தால் பாதி வேலை போய்விட்டது, ஏனென்றால் சிந்தியதைத் துடைத்துப் பிழிவதும் அதே கைக்கான பயிற்சி. கடித்துத் துண்டாக்கும் வயது என்றால் பஞ்சுக்குப் பதில் துணி வையுங்கள்.

புனலில் இரண்டு கோளாறு வரும். கழுத்து குறுகலாக இருந்தால் மணல் அடைத்துக்கொள்ளும், லேசான ஈரம் இருந்தாலே போதும். மணலுக்குக் கழுத்தின் உள்வாய் ஒன்றரை செ.மீ.க்குக் குறையக் கூடாது. இன்னொன்று, புனல் சீசாவின் வாயில் இறுக்கமாகப் பொருந்திவிட்டால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியிருக்காது, நீர் புனலில் அப்படியே நிற்கும். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இதைக் கண்டு திகைத்து நிற்பார்கள். உடனே ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். யாராவது ஒருவர் புனலைச் சற்றுத் தூக்குவார், ‘குபுக்’ என்று நீர் இறங்கும், பிறகு அரைமணி நேரம் அதே சோதனைதான். இதற்காகவே இறுக்கமான ஒரு புனலையும் தளர்வான ஒரு புனலையும் சேர்த்து வைக்கலாம்.

தானியம், பயறு ஊற்றும் பயிற்சி பல வகுப்புகளில் பழகிப்போன ஒன்று. இரண்டு காரணங்களால் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மூக்கிலோ காதிலோ போன பயறு ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது கடினம். சிவப்பு ராஜ்மா போன்ற சிலவற்றைப் பச்சையாக மென்றால் நச்சு. சுத்தமான மணலும் தண்ணீரும் அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்கின்றன.

தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். 5 செ.மீ. ஆழம் கூடச் சின்னக் குழந்தை மூழ்கப் போதும். விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், ‘பிறகு ஊற்றலாம்’ என்று விடக் கூடாது.

கண்ணாடித் தம்ளர் பற்றி மாண்டிசோரி வழியினர் உறுதியாக இருப்பார்கள்: உடையும் என்று தெரிந்தால்தான் கவனம் வரும். மூன்று வயதுக்கு மேல், ஒரு நேரத்தில் ஒரே குழந்தை, மெத்தென்ற தரை என்றால் ஏற்கலாம். பத்துப் பேர் ஓடும் கூடத்தில் எவர்சில்வர்தான்.

துணி கிளிப், இடுக்கி, வடிகட்டி

துணி கிளிப்பில் ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் நன்றாக வேலை செய்யும். பென்சில் பிடிக்கும் முன் இந்த வலு வேண்டும். பிரச்சினை ஸ்பிரிங்கில். மரக் கிளிப்பைப் பக்கவாட்டில் திருகினால் ஸ்பிரிங் தனியே துள்ளி விழும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப் இன்னும் மோசம், மொறுமொறுவென்று ஆகி அழுத்தும்போதே முறியும். புதிதாக, ஸ்பிரிங் இளகலாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள், மூன்று வயதுக்கு மேல் கொடுங்கள். அதற்குக் கீழே ஸ்பிரிங்கே இல்லாத, ஒரே மரத்துண்டில் நடுவே பிளந்த கிளிப் கிடைத்தால் அருமை. டப்பாவின் விளிம்பில் செருகி எடுக்க 12 கிளிப் போதும்.

இடுக்கியில் நீளம்தான் முக்கியம். சமையலுக்கான 30 செ.மீ. இடுக்கியைக் குழந்தை நடுவில்தான் பிடிக்கும். நுனிக்கு விசை போய்ச் சேராது, பொருள் நழுவும், ஐந்து நிமிடத்தில் இடுக்கி வாளாக மாறிவிடும். 15 முதல் 18 செ.மீ. சரி. எடுத்து வைக்க 5 செ.மீ. துணி உருண்டைகள், பிறகு மரக்கட்டைகள். நூல் பந்துகள் பிய்ந்து வாய்க்குள் போகும். அடுக்கி வைக்க 6 குழியுள்ள பேக்கிங் தட்டு மிகப் பொருத்தம். 12 குழித் தட்டு எண்ணப் பழகியவர்களுக்கு. இடுக்கியே இல்லாமல் கையால் பிரித்து வைக்கவும் அதே தட்டு உதவும்.

வடிகட்டியில் கம்பி வலை வகையைத் தவிருங்கள். விளிம்பிலிருந்து ஒரு கம்பி பிரிந்தால் ஊசிதான். ஓட்டை போட்ட தகட்டு வடிகட்டி பத்து வருடம் உழைக்கும். முட்டை அடிக்கும் பலூன் வடிவக் கம்பி, நுரை உண்டாக்கவும் உள்ளே துணியைத் திணித்து உருவவும் நன்றாக இருக்கிறது. கம்பிகள் கைப்பிடிக்குள் நுழையும் இடம் மூடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். திறந்திருந்தால் நீர் தங்கித் துருவும் பூசணமும் சேரும். கைப்பிடி சுழற்றும் பழைய பல்சக்கர வகையோ அற்புதமான பொருள். கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கம்பிகள் எத்தனை சுற்று சுற்றுகின்றன என்று கண்ணால் பார்க்கலாம். பல்லுக்கிடையில் விரல் போகும் என்பதால் நான்கு வயதுக்குமேல், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும்.

பூட்டும் சாவியும்

இரண்டரை வயதில் தொடங்கும் மோகம் இது. ஒரு பலகையில் மூன்று பூட்டு, மூன்று சாவி. ஒன்றுக்கொன்று அளவு வேறாக இருந்தால் சின்னவர்களுக்கு, ஒரே அளவில் பல்வெட்டு மட்டும் வேறாக இருந்தால் நாலு வயதுக்கு. சாவியைக் குட்டையான நாடாவில் பலகையோடு கட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே காணாமல் போகும். பித்தளைச் சாவியில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் வாயில் வைக்கும் வயதினருக்கு அது வேண்டாம். எவர்சில்வர் சாவி தேடிப் பிடியுங்கள். பூட்டு சிக்கினால் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டி இன்னும் இறுகும். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும்.

கைக்குழந்தைகளின் கூடை

உட்காரத் தெரிந்து நகரத் தெரியாத குழந்தைகளுக்கானது. கூடை வட்டமாக, 35 செ.மீ. விட்டத்தில், 10 முதல் 12 செ.மீ. உயரத்தில், பிடியில்லாமல், குழந்தை சாய்ந்தாலும் கவிழாதபடி கனமாக இருக்க வேண்டும். உயரம் கூடினால் குழந்தையின் கை அடிவரை போகாது, மேலே இருக்கும் நாலு பொருளோடு ஆட்டம் முடிந்துவிடும். உள்ளே மரக் கரண்டி, எவர்சில்வர் கிண்ணம், 6 செ.மீ.க்கு மேற்பட்ட மரத் திரை வளையம், தோல் பர்ஸ், கெட்டியான பிரஷ், பெரிய கூழாங்கல், துணிப்பை. பிளாஸ்டிக் வேண்டாம். விஷமென்று அல்ல, வாய்க்கும் கைக்கும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்பதால்.

கோல்ட்ஷ்மிட்டின் மூலத் திட்டத்தில் 60க்கும் மேற்பட்ட பொருட்கள் வரும். எங்களுக்கு 30 போதும் என்றே படுகிறது. அறுபதையும் தினமும் கழுவும் வகுப்பு அரிது, கழுவாத அறுபதைவிடக் கழுவிய முப்பது மேல். கூடைக்கு மூன்று குழந்தைக்கு மேல் உட்கார வைத்தால் கையில் இருப்பதைப் பிடுங்குவதிலேயே நேரம் போகும். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. ‘இது கரண்டி, கரண்டி சொல்லு’ என்று தொடங்கினால் குழந்தை பொருளை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

நடக்கத் தொடங்கியவர்களுக்குக் கூடை போதாது. ஒவ்வொரு வகையிலும் நிறைய வேண்டும். 8 குழந்தைக்கு 15 வகை, வகைக்கு ஒரு நாடாப்பை. வளையங்கள், மூடிகள், அட்டைக் குழாய்கள், டின்கள், குட்டையான சங்கிலிகள். இரண்டு வயதுக்காரருக்குப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிப் பயனில்லை, ஒரே பொருள் பல இருந்தால் சண்டைக்கே இடமில்லை. ஒரு மணி நேரத்தில் கடைசி 15 நிமிடம் எல்லாவற்றையும் பைகளில் திருப்பிப் போடுவதற்கு. இதைப் பெரியவர் மட்டும் செய்தால் வகை பிரிக்கும் நல்ல வாய்ப்பு ஒன்று வீணாகிறது.

தேறாதவை

பழைய ரிமோட், கால்குலேட்டர், சமையலறை எடைக்கருவி, டைமர்: நான்கிலும் பட்டன் பேட்டரி இருக்கலாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே ஆழமான புண் உண்டாக்கும். பேட்டரியை எடுத்துவிட்டோம் என்பது சமாதானமில்லை, ரப்பர் பொத்தான்களும் மூடியும் கழலும். பேட்டரி உள்ளே ஒட்டியே வரும் பழைய போன் கூடவே கூடாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தங்களும் அப்படியே. இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைக்கலாம்.

காலி மருந்து பாட்டில், சோப்புத்தூள் டப்பா, பினாயில் குப்பி. எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் வேண்டாம். குழந்தை திறக்கக் கூடாதென்று வடிவமைத்த மூடியைத் திறக்க வகுப்பிலேயே பயிற்சி கொடுத்தாற்போல் ஆகிவிடும். அதே காரணத்துக்காக இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் உண்மைப் பொருளாக வர வேண்டியதில்லை. வகுப்பில் தொட்டு விளையாடியதை வீட்டில் சூடாக இருக்கும்போதும் தொடும், வித்தியாசம் தெரியாது.

சுரண்டிப்போன நான்ஸ்டிக் சட்டி, பூச்சு உரியும் பழைய வர்ணப் பாத்திரம், ஓரம் சில்லான பீங்கான், பாலித்தீன் பை, பலூன் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சேகரிப்பும் பராமரிப்பும்

‘வீட்டில் வேண்டாத சாமான் இருந்தால் கொடுங்கள்’ என்று பெற்றோரிடம் பொதுவாகக் கேட்டால் வேண்டாததுதான் வரும். கைப்பிடி உடைந்தது, மூடி தொலைந்தது, துருப்பிடித்தது. என்ன, எத்தனை, எந்த அளவு என்று எழுதிக் கேளுங்கள்: ‘மூடியோடு, நெளியாத, கையகல எவர்சில்வர் டப்பா, ஒன்று’. அப்படியும் வந்ததில் பாதியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. தன் வீட்டுக் கரண்டியை அலமாரியில் அடையாளம் கண்டுகொள்ளும் புதுக் குழந்தை முதல் நாட்களில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

அலமாரியில் ஒரே நேரத்தில் எட்டு, பத்துத் தட்டுகளுக்கு மேல் வேண்டாம். நிறைய இருந்தால் ஒன்றையும் முடிக்காமல் எல்லாவற்றையும் இறக்குவார்கள். தட்டில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் வரைந்துவிட்டால் எது காணவில்லை என்பது குழந்தைக்கும் தெரியும், மாலையில் எண்ணும் ஆசிரியைக்கும் தெரியும். உலோகச் சாமான் உள்ள பகுதியில் தடிமனான விரிப்பு கட்டாயம். டைல்ஸ் தரையில் நாலு பேர் டப்பா தட்டினால் அந்த அறையில் யாரும் யாரோடும் பேச முடியாது.

வாயில் போனவை உடனே தனித் தொட்டிக்குப் போகட்டும். சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினியைப் புட்டியில் சொன்ன அளவில், சொன்ன நேரம் வைத்து, அலசி, காற்றில் காயவிடுங்கள். மரச் சாமானை ஊறவைக்கக் கூடாது. கழுவித் துடைத்து நிறுத்திவைத்தால் வெடிக்காது. வறண்டுபோனால் எண்ணெய் பூசலாம், கடலை, பாதாம் போன்ற ஒவ்வாமை தரும் எண்ணெய்கள் மட்டும் வேண்டாம். பிரம்புக் கூடையில் சிலாம்பு கிளம்பும் இடத்தை வாரம் ஒருமுறை பழைய நைலான் காலுறையால் தடவிப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே தோலும் கிழியும். மணல்தாள் போட்டும் மறுபடி மாட்டுகிற கூடையைக் கழித்துவிடுங்கள்.